ஐந்தாவது பாட்டில்

— நிஜமாவே கரப்பான் குஞ்சு இல்லியா அண்ணே?

— இல்ல தங்கச்சி. இதோ பாருங்க, மீன் மாதிரி முன்னால அகலம், பின்னால கூர். வால் மூணா பிரிஞ்சிருக்கு. றெக்கை கிடையாது. விரல்ல ஒட்டுற இந்த வெள்ளித் தூள் அதோட செதில். ராமபாணப் பூச்சி. லைட்டைப் போட்டா மாயமாயிடும். நம்ம பூச்சி மருந்துத் தொழில்ல இதைத் திருடன்னுதான் சொல்லுவோம்.

— அந்தத் திருடன்தான் என் பி.எட். சர்ட்டிஃபிகேட்டைச் சல்லடை ஆக்கிட்டான். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து முழுசா இருபது நாள் ஆகல!

— காகிதம், பசை, கஞ்சி போட்ட துணி, எதையும் விடாது. போன வாரம் குடுத்த பொறி அஞ்சும் எங்க?

— இதோ. நீங்க சொன்ன மாதிரி ரூமுக்கு ஒரு அகலவாய்ப் பாட்டில், உள்ள ஒரு துண்டு ரொட்டி. மேல ரூம் பேரு எழுதி ஒட்டியிருக்கேன்.

— டீச்சர்னா டீச்சர்தான். ஹால்ல ரெண்டு. சமையல்கட்டுல மூணு. உங்க ரூம்ல நாலு. குளியலறையில எட்டு. இது... அம்மாடி! நாப்பதுக்கு மேல நெளியுது. வெறும் ‘மாடி’ன்னு எழுதியிருக்கே, இது எந்த ரூம்?

— மாடியில கடைசி ரூம். அவரோட அக்கா ரூம். அக்கா வெளிநாட்டுல இருக்காங்க. ஆறு மாசமா பூட்டிக் கிடக்கு, சாவி அவர்கிட்ட. பாட்டிலை உள்ள வெச்சதும் எடுத்ததும்கூட அவர்தான்.

— நம்ம தொழில்ல ஒரு கணக்கு உண்டு தங்கச்சி. ஈரம் இல்லாத இடத்துல இது குடும்பம் நடத்தாது. இந்த வெயில்ல பூட்டின மாடி ரூம் காஞ்சு கருவாடா கிடக்கணும்.

— உள்ளேயே குளியலறை இருக்கு.

— ஆறு மாசமா யாரும் தண்ணி ஊத்தாத குளியலறை?

— அது... சில நேரம் குழாய் ஓடுற சத்தம் கேக்கும். கேட்டா, “பக்கத்து வீட்டுக் குழாய் டீச்சரம்மா, சரிதானே?”ம்பாரு. எதைச் சொன்னாலும் கடைசில ஒரு சரிதானே. எங்க ஸ்கூலா இருந்தா மார்க்கைக் குறைச்சிருப்பேன்.

— சிரிப்பு இருக்கட்டும். நாலு பாட்டில்லயும் ரொட்டி அப்படியே இருக்கு. இதுல எங்க?

— நாப்பதும் சேர்ந்து தின்னிருக்கும்.

— இது ஓரத்தைச் சுரண்டும், அவ்வளவுதான். நானூறு வந்தாலும் ஒரு வாரத்துல முழுத் துண்டு காலியாகாது.

— அப்போ எலியா?

— எலின்னா பாட்டிலை உருட்டியிருக்கும். பூச்சி ஏறுறதுக்கு வெளியில சுத்தின டேப்பைப் பாருங்க, ஒரு கீறல் இல்ல. யாரோ கையை விட்டு எடுத்திருக்காங்க.

— என்னண்ணே பயமுறுத்துறீங்க...

— அந்த அக்காகிட்ட நீங்க பேசியிருக்கீங்களா?

— இல்ல. கல்யாணத்துக்கே வரல. லீவு கிடைக்கலைன்னு சொன்னாரு.

— ஒரு போன்கூட இல்லியா?

— அங்க பகல்னா இங்க ராத்திரி, சரிதானேன்னுட்டாரு. நானும் சரின்னு விட்டுட்டேன். ஏண்ணே உங்க முகம் இப்படி மாறுது?

— நேத்து சாயங்காலம் உங்க வீட்டுக்காரர் என் கடைக்கு வந்தாரு. மாடியில பூச்சி ஜாஸ்தி, மருந்து கலந்த ரொட்டி வேணும்னாரு. ரெண்டு துண்டு போதும்னேன். ஒரு தட்டு நிறைய வேணும்னாரு. நானும் மண்டு மாதிரி குடுத்துட்டேன்.

— ஐயோ! காலைல தட்டை மூடி எடுத்துட்டு மாடி ஏறினாரே!

— வாங்க, சீக்கிரம்! எந்தப் பக்கம் படி?

— இடது பக்கம். அந்தக் கடைசிக் கதவு.

— பூட்டு எங்க தங்கச்சி?

— காலைலகூட தொங்கிச்சே!

— அவர் வேலைக்குக் கிளம்பினதைக் கண்ணால பாத்தீங்களா?

— குளிச்சிட்டிருந்தேன். கேட் சத்தம் மட்டும் கேட்டுச்சு.

— கேட் சத்தம் மட்டும்தானா? தங்கச்சி, கீழ போயிடலாம். ஆளைக் கூட்டிட்டு வருவோம்.

— அதுக்குள்ள அவங்க தின்னுட்டா? அக்கா! அக்கா, நான் உங்க தம்பி பொண்டாட்டி! தட்டுல இருக்கற ரொட்டியைத் தொடாதீங்க, அதுல மருந்து இருக்கு!

— மெதுவா, மெதுவா.

— அக்கா, கேக்குதா? தின்னலைன்னா கதவை ஒரு தட்டு தட்டுங்க!... அண்ணே, தட்டுறாங்க! உயிரோட இருக்காங்க!

— விலகுங்க. தோள் குடுத்து இடிக்கிறேன்.

— இடிக்கச் சொல்லாதீங்க டீச்சரம்மா, தொறந்துதான் இருக்கு. அவரையும் கூட்டிட்டு உள்ள வாங்க. சரிதானே?