வலியுல்லாவின் கட்டைவிரல்

"கிட்ட வராதே நைனா, காத்து பட்டாலே உசுரு போவுது! கோட்டா? ஒங் கோட்டு எங்க ஓடப்போவுது... ஒரு பக்கக் கை தைக்கிறதுதான் பாக்கி கீது. ரேஷன் துணில கோட்டு தைக்கிறதே பெரும்பாடு, இதுல இந்தக் காலு வேற. குந்து, சொல்றேன்."

லஸ் முனையில் தையல் கடை வைத்திருந்த வலியுல்லா, வலது காலை முக்காலி மேல் நீட்டிப் போட்டிருந்தார். கட்டைவிரல் தக்காளிப் பழமாட்டம் சிவந்து வீங்கியிருந்தது. கோட்டு வாங்க வந்த வேலுவுக்கு மறுநாள் காலை கல்யாணம். எதிரே உட்கார்ந்தான்.

"மெஷின் மிதிச்சு வந்ததாம், ஊரே சொல்லுது. முப்பது வருசமா மிதிக்கிறேன், இப்பத்தான் வருமா? செருப்பு கடிச்சிச்சின்னு நெனச்சு, செருப்பு தைச்சவனப் போய்த் திட்டினேன், பாவம். அப்பால டாக்டராண்ட போனா, 'கௌட்டு'ன்றாரு! ராஜாங்களுக்கு வர்ற நோயாம். ஒரு பக்கம் பெருமையாத்தான் இருந்திச்சு... சிரிக்காதே! ரத்தத்துல ஏதோ உப்பு சேந்து, கண்ணாடித் தூளாட்டம் மூட்டுல குந்திக்கிதாம். ஈரலு, கொடலு, நெத்திலி வாணாம், தண்ணி நெறைய குடி, வலி போனாலும் நோய் போச்சுன்னு நெனைக்காதேன்னாரு. நாலு நாள் மருந்துல வலி பறந்துச்சு. நோயும் போச்சுன்னு ஓடிப்போய் டிராம் புடிச்சேன்! இப்ப மூணாந் தடவை. டாக்டருக்கு இன்னா தெரியும்? கறி வாசனையே காட்டல நானு... உஸ்ஸ்! ஏன் நைனா ஆட்டுற?"

வேலு ஆட்டவில்லை. தெருவில் டிராம் போனது, அவ்வளவுதான். அவன் எழுந்து மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, மிதிபலகையில் கால் வைத்தான்.

"ஏய், இன்னா பண்றே? மாப்பிள்ளை நீ! ...செரி, கொஞ்சம் நகரு. பின்னால மிதிக்காதே, நூலு அறுந்துபூடும். மெதுவா... ஆங்! சைக்கிள் ஓட்ற காலு!"

அவன் மிதிக்க, பக்கத்திலிருந்து அவர் துணியை நகர்த்த, அரைமணியில் கோட்டில் அந்தக் கையும் ஏறிவிட்டது. போட்டுப் பார்த்தான். தோளில் கச்சிதமாக உட்கார்ந்தது.

பின்பக்கத் திரை விலகியது. வலியுல்லாவின் மனைவி ஜஹீதா சோற்றுத் தட்டை நீட்டினாள். மிளகு போட்டு வறுத்த ஈரல் மணத்தது.

"அப்பிடிப் பாக்காதே நைனா... அவ மேல தப்பில்ல. காலைல நானேதான் வாங்கியாந்தேன். முந்தாநாளு குப்பத்துக் கெங்கம்மா நெத்திலி கொண்ணாந்திச்சு. மூணு தபாவும் இப்பிடித்தான்... ஒங் கல்யாணத்தையே கெடுத்திருக்கும் இந்த நாக்கு!" சட்டென்று குரல் இறங்கியது. "ஜஹீதா, ஈரல நீயே துன்னு. எனக்கு ஒரு சொம்பு தண்ணி குடு."

ரெண்டாவது சொம்பையும் குடித்து முடித்து, "இந்தத் தண்ணி கீதே நைனா, மூட்டுல குந்தின உப்பயெல்லாம்..." என்று திரும்பினார். வேலு கோட்டோடு தெருக்கோடியைத் தாண்டிவிட்டிருந்தான்.