நாற்பத்தொன்றில் நின்ற எண்

எனக்குச் சத்தம் போட்டுப் பேசிப் பழக்கம் இல்லை. வீட்டுக்கு எதிரே கல்யாண மண்டபம். வைகாசியிலும் ஆவணியிலும் குழாய் ஸ்பீக்கர் விடியற்காலையிலேயே அலற ஆரம்பித்துவிடும். ஒரு நாளும் போய்ச் சண்டை பிடித்ததில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு வேலையைப் பார்ப்பேன். அக்கம்பக்கத்தில் விசாரித்தால் இதைத்தான் சொல்வார்கள். நீங்களும் விசாரித்திருப்பீர்கள், இன்ஸ்பெக்டர் அம்மா.

என் கையாலேயே எழுதச் சொன்னது நல்லதாகப் போயிற்று. வாயால் சொன்னால் எழுதிக்கொள்கிறவர் சுருக்கிவிடுவார். இந்த விஷயத்தைச் சுருக்கினால் தப்பாகிவிடும்.

பெயர் செண்பகராஜ். வயது நாற்பத்திரண்டு. சொந்த ஊர் கோவில்பட்டி. சென்னையில் ஒரு செமிகண்டக்டர் கம்பெனியில் பதினாறு வருஷமாக இன்ஜினியர். கொரோனா வந்த வருஷம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னார்கள். அதற்குப் பிறகு நான் சென்னைக்குத் திரும்பவில்லை.

எங்கள் கம்பெனி என்ன செய்கிறது என்று கேட்டீர்கள். எடைமேடை, வெப்பமானி மாதிரிப் பழைய கருவிகளின் முதுகில் ஒன்பது ஊசி நுழைகிற ஒரு வாய் இருக்கும். இப்போது வருகிற கம்ப்யூட்டரில் அதற்குத் தோதான இடம் கிடையாது, யுஎஸ்பி மட்டும்தான். இரண்டையும் இணைக்க நடுவில் ஒரு கேபிள் வேண்டும். அந்தக் கேபிளின் தலைக்குள், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியதாக ஒரு சிப் இருக்கும். கருவி சொல்வதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றிச் சொல்வது அதன் வேலை. அந்தச் சிப்போடு கம்ப்யூட்டர் பேசுவதற்கு ஒரு மென்பொருள் தேவை. அதை டிரைவர் என்பார்கள். சிப்பை வடிவமைத்த நான்கு பேரில் நான் ஒருவன். டிரைவரை எழுதியவன் நான் மட்டும்.

சம்சுதீன் பாய் கடையை உங்களுக்குத் தெரியும். சீல் வைத்ததே நீங்கள்தான். காலேஜ் படிக்கும்போது ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் எல்லாம் அங்கேதான் வாங்குவேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் கடையில் எங்கள் கம்பெனி சிப் போட்ட கேபிள் கொத்தாகத் தொங்குவதைப் பார்த்தேன். ஒன்றை வாங்கிவந்து உடைத்தேன். சிப்பின் மேல் எங்கள் பெயர்தான் அச்சாகியிருந்தது. மேல்தோலை ஆசிட்டில் கரைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். உள்ளே இருந்தது எங்களுடையது இல்லை. யாரோ எங்கேயோ செய்த நகல்.

மறுநாள் கடைக்குப் போய், "பாய், இது டூப்ளிகேட்" என்றேன்.

அவர் கேபிளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒங்க கம்பெனி பேருதானே தம்பி போட்டிருக்கு. மதுரையில மொத்தமா எடுக்கோம். உள்ள என்ன இருக்குன்னு நான் எங்கன போய்ப் பாக்க?"

"வாங்குதவங்க கிட்டச் சொல்லி விக்கலாம்லா."

"சொல்லலாம். ஆனா ஒண்ணு, நீங்க கோவிச்சுக்கிடக் கூடாது. முன்ன நீங்க சொல்லி ஒரிஜினல் எடுத்து வித்தேன்லா, அதுல நாலு திரும்பி வந்துச்சு. சூடேறினா எண்ணு மாறி விழுதுன்னாங்க. இதுல இன்ன வரைக்கும் ஒண்ணுகூட வரல."

அவர் சொன்னது உண்மை. எங்கள் சிப்பில் முதல் இரண்டு வருஷம் அப்படி ஒரு குறை இருந்தது. நகலெடுத்தவன் அதைக் கண்டுபிடித்துத் திருத்தியிருந்தான். இதை வருத்தப்பட்டுச் சொல்லவில்லை, தொழில் விவரமாகச் சொல்கிறேன். பாய் எனக்கு டீ வரவழைத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

போன சித்திரையில் கம்பெனியில் ஒரு முடிவெடுத்தார்கள். டிரைவரின் புதிய பதிப்பு போலிச் சிப்பை அடையாளம் கண்டால் வேலை செய்யாமல் நின்றுவிட வேண்டும். திரையில், இது அசல் இல்லை என்று ஓர் அறிவிப்பு வர வேண்டும். எனக்குத் தரப்பட்ட வேலை அவ்வளவுதான். அதை ஒரு வாரத்தில் எழுதி முடித்தேன்.

அப்புறம் யோசித்தேன். நின்றுபோனால் என்ன நடக்கும்? கடைக்காரர் பழைய டிரைவரை ஏற்றிக் கொடுப்பார். திட்டு முழுவதும் கம்பெனிக்குத்தான் விழும். போலி மேல் யாருக்கும் வெறுப்பு வராது. வேலை செய்யாத பொருளை ஜனங்கள் மன்னித்துவிடுகிறார்கள். தப்பாக வேலை செய்கிற பொருளைத்தான் தூக்கி எறிகிறார்கள், விற்றவனையும் சேர்த்து.

ஆகவே இரண்டாவதாக ஒரு பகுதி எழுதினேன். முப்பத்தொரு வரி. இதன்படி போலிச் சிப்பை டிரைவர் நிறுத்தாது, எந்த அறிவிப்பும் காட்டாது. காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் ஒரு மணி நேரம் ஒழுங்காக ஓட விடும். அதற்கு மேல் கருவி என்ன அனுப்பினாலும் தள்ளிவிட்டு, கடைசியாக வந்த எண்ணையே திரும்பத் திரும்பக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

நான் எழுதுவதைச் சரிபார்ப்பவள் சென்னை ஆபீஸில் இருக்கும் நுஸைபா. கெட்டிக்காரி. வீடியோ காலில் அவள் கேட்டாள். "ஸார், இந்த முப்பத்தொரு வரி நம்ம கிட்டக் கேட்டதுலேயே இல்லையே. யாராவது இந்த நம்பரை நம்பி மெஷின் ஓட்டிட்டு இருந்தா என்ன ஸார் ஆகும்?"

"டெஸ்டிங்குக்காகப் போட்டதும்மா. வெளிய விடும்போது எடுத்துடுவேன்" என்றேன்.

சரி ஸார் என்று ஒப்புதல் கொடுத்துவிட்டாள். அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி தீப்பெட்டி ஆபீஸ். எட்டயபுரம் ரோட்டில் சுந்தரபாண்டியன் அண்ணாச்சி நடத்துவது. போன பங்குனியில், கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது, ஒரு எட்டு வந்து பாருங்கள் என்று கூப்பிட்டிருந்தார். அவர் என் அப்பாவுக்குப் பழக்கம். போனேன். மருந்தில் தலை முக்கிய குச்சிகளைச் சட்டம் சட்டமாக அடுக்கி, சூடான காற்றை விட்டு உலர்த்துகிற அறையைக் காட்டினார். அறைக்குள் பழைய வெப்பமானி ஒன்று. வெளியே ஒரு மேசை மேல் கம்ப்யூட்டர். நடுவில் கேபிள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அது பாய் கடைக் கேபிள்.

அந்த மேசையில் இருந்தவள் முத்துசெல்வி. புதூர்ப் பக்கத்துப் பெண், இருபத்தாறு வயதிருக்கும். ஆபீஸ் வேனில் வந்து போகிறவள். திரையில் எண் நாற்பத்தைந்தைத் தொட்டால் ஹீட்டரை அணைக்க வேண்டும். முப்பத்தெட்டுக்கு இறங்கினால் திரும்பப் போட வேண்டும். அவ்வளவுதான் அவள் வேலை, ஆனால் கண்ணை எடுக்காமல் செய்வாள். நான் கம்ப்யூட்டரைச் சரிபண்ணும்போது ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். என் நம்பரையும் வாங்கிக்கொண்டாள். "ஏதாச்சும்னா ஒங்களக் கூப்பிடலாம்லாண்ணே?" என்று கேட்டாள். கூப்பிடு என்றேன்.

என் பையில் அன்றைக்கு அசல் கேபிள் இரண்டு இருந்தது. மாற்றிக் கொடுத்திருக்கலாம். அப்போது எனக்கு அது தோன்றவில்லை. அந்த முப்பத்தொரு வரியை எழுதிய பிறகு பல தடவை தோன்றியது. அந்தக் கேபிள் அங்கேயே இருக்கட்டும் என்றுதான் ஒவ்வொரு தடவையும் முடிவு செய்தேன். வெளியே எங்கே எத்தனை போலிச் சிப் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரே இடம் அதுதான்.

ஐப்பசி பன்னிரண்டாம் தேதி புதிய பதிப்பு இன்டர்நெட் வழியாகத் தானே ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய்ச் சேர ஆரம்பித்தது. முப்பத்தொரு வரியும் அதில் இருந்தது. அந்த வாரம் நல்ல மழை. கரிசல் காடெல்லாம் சேறு. வெயிலே இல்லாததால் தீப்பெட்டி ஆபீஸ்களில் ஹீட்டரை நம்பித்தான் குச்சி காய்ந்தது. பதினான்காம் தேதி பகல் பதினொன்றரை மணிக்கு உலர்த்தும் அறை தீப்பிடித்துக்கொண்டது. உள்ளே முத்துசெல்வி, அவளோடு வேலை பார்த்த சுடலைச்செல்வி, பூங்கொடி என்று மூன்று பேர். அறைக்கு ஒரே கதவு, அது உள்பக்கமாகத் திறக்கிற கதவு. அதை நீங்களே உங்கள் குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள்.

மூன்றாம் நாள் சம்சுதீன் பாயைக் கைது செய்தீர்கள். நிபுணர் கருத்து வேண்டும் என்று உங்கள் ஸ்டேஷனிலிருந்தே என்னைக் கேட்டார்கள். இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். கேபிளில் இருந்தது போலிச் சிப், அதனால் திரையில் தவறான வெப்பநிலை காட்டப்பட்டது என்று எழுதினேன். திரும்ப எடுத்து வாசித்துப் பாருங்கள். ஒரு வரிகூடப் பொய் கிடையாது.

பாயின் மனைவி ஷாஜாதி அக்கா வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அவிய கடையில சாமான் வாங்கித்தானே தம்பி நீங்க படிச்சீய. பேரு போட்டிருந்ததைப் பாத்துத்தானே வித்தாவ. மூணு பிள்ளைய போச்சேன்னு அவிய சோறு இறங்காம கெடக்காவ. நீங்க ஒரு வார்த்த சொன்னா போலீஸ்ல கேப்பாவல்லா?"

"நான் பார்த்ததைத்தான்க்கா எழுதிக் குடுத்திருக்கேன்."

"அது தெரியும் தம்பி. தெரிஞ்சு வித்தாவளா, தெரியாம வித்தாவளான்னு ஒரு வரி சேத்து எழுதலாம்லா."

அது என் துறை இல்லை என்று சொன்னேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடிக்காமலே சொம்பை வைத்துவிட்டுப் போனார்.

முத்துசெல்வியின் போனிலிருந்து அன்று பதினொன்று ஆறுக்கு எனக்கு வந்த அழைப்பைப் பற்றி மூன்று தடவை கேட்டீர்கள். மூன்று நிமிஷம் நாற்பது விநாடி. கம்ப்யூட்டர் சந்தேகம் ஏதோ கேட்டாள், ஞாபகம் இல்லை என்று சொல்லியிருந்தேன். ஞாபகம் இருக்கிறது.

"அண்ணே, நம்பரு நகர மாட்டேங்குண்ணே. நாப்பத்தொண்ணுலயே நிக்கு" என்றாள்.

"எவ்வளவு நேரமா?"

"முக்கா மணி நேரம் இருக்கும். உள்ள போனா மூஞ்சி எரியுது. சுடலைச்செல்வியும் அதத்தான் சொல்லுதா. ஹீட்டரை அணைச்சிரட்டா?"

அப்போது என் மனதில் என்ன இருந்தது என்பதை உள்ளபடி எழுதுகிறேன். அந்தப் பகுதியை எழுதி ஆறு மாதம் ஆகியிருந்தது. அது வெளியே ஒரு நிஜ மெஷினில் வேலை செய்கிறது என்று முதன்முதலாக என்னிடம் சொன்னவள் அவள்தான். எத்தனை நிமிஷமாக நிற்கிறது என்பதை ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். ஹீட்டரை அணைத்துவிட்டால் கேபிளைக் கழற்றுவார்கள், வேறு மாட்டுவார்கள், யாருக்கும் எதுவும் தெரியாமல் போகும். ஒரு லோடு குச்சியாவது கருகிப் பாழாக வேண்டும். அண்ணாச்சி கேபிளைத் தூக்கிக்கொண்டு போய் பாய் கடையில் வீச வேண்டும். ஊரெல்லாம் அது பேச்சாக வேண்டும். நான் எதிர்பார்த்தது குச்சி கருகுவதை மட்டும்தான் என்று எழுத நினைத்தேன். ஆனால் அது மருந்து முக்கிய குச்சி என்பது கோவில்பட்டியில் பிறந்த யாருக்கும் தெரியும்.

"அணைக்காத. மழைநாள்ல ஈரக் காத்துக்கு மூஞ்சி எரியிற மாதிரித்தான் இருக்கும். உடம்புக்கு என்ன தெரியும்? மெஷின் நாப்பத்தொண்ணுன்னா நாப்பத்தொண்ணுதான்" என்றேன்.

அவளுக்குப் பின்னால் யாரோ இருமுவது கேட்டது. "நீங்க சொன்னா சரிண்ணே. உள்ள சட்டத்தைத் திருப்பி வைக்கணும், நானும் போறேன்" என்று வைத்துவிட்டாள்.

நான் ஜன்னலைச் சாத்திவிட்டு வேலையைப் பார்த்தேன். பன்னிரண்டு மணிவாக்கில் தீயணைப்பு வண்டிச் சத்தம் கேட்டது.

சம்சுதீன் பாயை விட்டுவிடுங்கள். அவருக்குத் தெரியாது. தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

ஒரே ஒரு திருத்தம் மட்டும் வேண்டும். ஆய்வகத்திலிருந்து வந்த அறிக்கையை நேற்று எனக்கு வாசிக்கக் கொடுத்தீர்கள். ஏழாம் பக்கத்தில், டிரைவர் மென்பொருளில் இருந்த பிழையால் எண் நின்றுபோனதாகத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறார்கள். பிழை கிடையாது. நான் எழுதியபடியே, ஒரு நிமிஷம் முன்னும் இல்லாமல் பின்னும் இல்லாமல், அது வேலை செய்தது. அந்த ஒரு வார்த்தையை எடுத்துவிடச் சொல்லுங்கள். மற்ற எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போடுகிறேன்.