முன் ஜாயிண்ட் என்றுதான் சொன்னேன்

இந்த அறை மின்விசிறியில் பேரிங் போய்விட்டது, சார். சத்தமே சொல்கிறது. "போன வாரம் வாங்கின புது ஃபேன்யா" என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். என் மாப்பிள்ளையும் இப்படித்தான் சிரித்தார்.

மாப்பிள்ளை என்றால் தங்கை புருஷன். சொந்த லாரி ஓட்டியவர். நான் மெக்கானிக். ஒருநாள் பட்டறை வாசலில் அவர் கிளட்சை விட்டதும் எங்கோ 'டக்' என்றது. நான் வண்டிக்கடியில் படுத்துக்கூடப் பார்க்கவில்லை. "முன் ஜாயிண்ட் போச்சு மாப்ளே. இந்த மாசம் தாங்காது" என்றேன்.

கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரத்துக்கு ஒரு நீள ஷாஃப்ட் போகிறதல்லவா, அதன் முன்முனையில் கவட்டை மாதிரி யோக் இருக்கும். எதிரே இன்னொரு யோக். இரண்டையும் கோத்துப் பிடிப்பது கூட்டல் குறி வடிவத்தில் ஒரு ஜாயிண்ட். அதுதான் முன் ஜாயிண்ட், பின்முனையில் இருப்பது பின் ஜாயிண்ட். ஓட்டத்தில் அது விட்டால், ஷாஃப்ட் ரோட்டில் குத்தி லாரியையே தூக்கிப் போடும்.

மாதம் போனது. தாங்கியது. அடுத்த மாதமும் தாங்கியது. ஜாயிண்டுக்கு என் மேல் என்ன கோபமோ.

மாப்பிள்ளை தங்கமான மனுஷர். நாலு பேர் இருக்கும் இடத்தில் மட்டும்தான் கேலி செய்வார். "ஜோசியர் மச்சான், இன்னைக்கு வண்டி எடுக்கலாமா?" பட்டறையே சிரிக்கும். பஞ்சர் ஒட்ட வந்தவன்கூட என்னை "ஜோசியரே" என்றான். தங்கையும் சிரித்தாள்.

போன வாரம் ஆயில் மாற்ற லாரியை விட்டுவிட்டு அவர் சாப்பிடப் போனார். ஜாயிண்டைக் கழற்றினேன். யோக்கில் துளி ஆட்டமில்லை. ஜாயிண்டின் நாலு முனையிலும் மூடி மாதிரி மாட்டியிருக்கும் கப்பைச் சுற்றித் துருப்பொடி இல்லை. உள்ளே ஊசி ரோலர்கள் கிரீஸில் சுகமாகக் குளித்துக்கொண்டிருந்தன. பிறகு அந்த 'டக்'? ஸீட்டுக்குப் பின்னால் உருண்டுகொண்டிருந்த ஜாக்கி.

ஜாயிண்ட் எனக்கு ஒத்துழைக்கவில்லை. நான் அதற்கு ஒத்துழைத்தேன். ரோலர்களை எடுத்தேன், என் குப்பைத் தொட்டியில் நீங்கள் பொறுக்கியது அவற்றைத்தான். கப்பைப் பிடித்து நிறுத்தும் கிளிப்புகளையும் எடுத்தேன். ஜாக்கியைத் துணி சுற்றி இறுகக் கட்டினேன். வண்டி ஓட்டுபவருக்குச் சத்தம் தொந்தரவல்லவா.

சாப்பிட்டு வந்து கிளட்சை விட்டுப் பார்த்தார். "அட, சத்தமே நின்னுபோச்சே மச்சான்!"

"முன் ஜாயிண்ட் போச்சு மாப்ளே. எடுக்காதீங்க" என்றேன். எச்சரித்தேன், சார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சிரித்துக்கொண்டே எடுத்தார். ஊர் தாண்டியதும் வரும் இறக்கம்வரைகூடச் சிரித்திருப்பார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீ அப்பவே சொன்னியே அண்ணே, நாங்கதான் கேக்கல." சுற்றி நாலு பேர் நின்றார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

ஆமாம், நான்தான் செய்தேன். ஆனால் உங்கள் அறிக்கையைப் பாருங்கள். முன் ஜாயிண்ட் என்றுதானே இருக்கிறது? பின் ஜாயிண்ட் என்று இல்லையே?

அந்த மின்விசிறியிலும் சந்தேகம் வேண்டாம், சார். ஒரு ஸ்டூலும் ஸ்பேனரும் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் வெளியே நில்லுங்கள். பேரிங் போயிருக்கும்.