எதெல்வினாவின் ராஜினாமா

நான் கோழிக்கறி தொடுவதில்லை, இன்ஸ்பெக்டர் அம்மா. வீட்டில் பீன்ஸும் சோள ரொட்டியும்தான். கோமெஸ் பலாசியோ ஊரின் கோழி ஆலையில் எட்டு வருடம் இருந்தவனுக்கு அந்த வாடை மூக்கை விட்டுப் போகாது. குடலும் குளோரினும் வெந்நீரில் ஊறிய இறகும் கலந்த வாடை. மூன்று முறை சோப்புப் போட்டாலும் நகத்துக்குள் இருக்கும்.

அந்த ஆலைக்கு ஆள் கொடுத்தது எங்கள் ஒப்பந்த அலுவலகம். அதற்குப் பொறுப்பு நான். சேரும் அன்றே ஒவ்வொருவரிடமும் ஒரு வெற்றுத் தாளின் அடியில் கையெழுத்து வாங்கி அலமாரியில் பூட்டி வைப்பேன். ஒருத்தி கர்ப்பமானாலோ, முதுகு பிடித்துக்கொண்டாலோ, தாளை எடுத்து மேலே ராஜினாமா எழுதித் தேதி போடுவேன். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. அவர்கள் தாங்களாகவே விலகியவர்கள் ஆகிவிடுவார்கள்.

எதெல்வினா ஆறு வருடமாகக் குடல் உருவும் வரிசையில் நின்றவள். ஆலையில் உழைப்பவர்கள் ஆலையின் ஆட்கள்தான், சட்டம் அப்படித்தான் சொல்கிறது என்று பேச ஆரம்பித்தாள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டாள்.

“சம்பளம் நீங்க குடுக்கறீங்க, வேலை அவங்க வாங்கறாங்க. நான் செத்தா எந்த முதலாளி சார் மலர்வளையம் கொண்டாருவாரு?”

“ரெண்டு பேரும் வருவோம்மா,” என்றேன். பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. வரிசையின் முடிவில் கோழிகளைக் குளிரவைக்கும் ஐஸ் தண்ணீர்த் தொட்டிக்குள் சுழலும் திருகுத் தண்டு அவள் கையுறையைப் பிடித்து இழுத்தது. கை முழங்கைக்கு மேல் வரை உள்ளே போய்விட்டது. இயந்திரத்தை நிறுத்தி அவளை வெளியே எடுத்தபோது, சிவந்த தண்ணீரில் கோழிகள் மிதந்துகொண்டிருந்தன.

அவள் தோழி ருஃபினா தன் ஏப்ரனைச் சுருட்டிக் காயத்தில் அழுத்திக்கொண்டு கத்தினாள். “ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க சார், ரத்தம் நிக்கவே மாட்டேங்குது.”

“சொல்லியாச்சு,” என்றேன்.

சொல்லவில்லை. வேலையில் இருப்பவளுக்கு அடிபட்டால் விசாரணை வரும். ஆலை எங்கள் ஒப்பந்தத்தை முறிக்கும். நானூறு பேர் தெருவுக்கு வருவார்கள். நிதானமாக யோசித்துத்தான் மாடியிலிருந்த என் அலுவலகத்துக்குப் போனேன். அவள் தாளைத் தேடி எடுத்தேன். குடும்பக் காரணத்தால் விலகுவதாக எழுதி, முந்தைய வெள்ளிக்கிழமைத் தேதி போட்டேன். மை காயும் வரை காத்திருந்தேன்.

பிறகு கீழே வந்து, நான்கு பேரை விட்டு அவளைப் பின்வாசல் வழியாகத் தூக்கிப் போய் பஸ் நிறுத்தத்தில் கிடத்தச் சொன்னேன். ஆலையின் பெயர் போட்ட பூட்ஸைக் கழற்ற யாரும் முன்வரவில்லை. நானே கழற்றினேன். உள்ளே பாதம்வரை ரத்தம் இறங்கியிருந்தது.

“வருதா சார்?” என்றாள்.

“வந்துட்டே இருக்கும்மா.”

அப்புறம்தான் போன் செய்தேன். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் இவள் யார் என்று கேட்டார்கள். “தெரியாது, வழியில கிடந்தா,” என்றேன். அவள் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருத்துவமனை போய்ச் சேரும் முன்பே இறந்துவிட்டாள்.

நாற்பது நிமிடம் முந்தியிருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம். அந்த நாற்பது நிமிடத்தையும் பிடித்து வைத்தவன் நான்தான். மறுக்கவில்லை.

ஆனால் தாளை நீங்களும் பார்த்தீர்கள். வெள்ளிக்கிழமையே விலகிவிட்டவள், செவ்வாய்க்கிழமை ஆலைக்குள் எதற்காக வந்தாள்? அதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை, அம்மா.