தூரத்து அடுப்பு

ஃபிட்டர்: ...தெருவுக்கு கேஸ் லைன் வந்தாச்சு, சரி. உங்க வீட்டுக்குள்ள எவ்வளவு தடிமன் பைப்பு போடணும்னு நான் கணக்குப் போட வேண்டாமா? மறுபடியும் கேக்கறேன் சார். கேஸ்ல எரியறது மொத்தம் எத்தனை?

கணவர்: சொன்னேனே தம்பி. சமையலறைல ஒரு அடுப்பு, குளிக்கற இடத்துல ஒரு வெந்நீர் ஹீட்டர். அவ்வளவுதான்.

மனைவி: அவ்வளவேதான்.

ஃபிட்டர்: அப்ப அரை இஞ்ச் போதும்.

கணவர்: கொஞ்சம் தாராளமா போட்டா என்ன?

ஃபிட்டர்: இதென்ன சார், வளர்ற பிள்ளைக்குச் சட்டை தைக்கறதா?

மனைவி: அவர்தான் ஆசைப்படறாரே. தாராளமாவே போடுங்க தம்பி.

கணவர்: நீ போய் தம்பிக்கு டீ கொண்டு வாம்மா.

மனைவி: இப்பதானே குடிச்சார்.

ஃபிட்டர்: எனக்கு வேண்...

கணவர்: குடிப்பார், நீ போ. ...போயிட்டாளா? தம்பி, கிட்ட வாங்க. இன்னொரு அடுப்பு இருக்கு. தோட்டத்துக் கோடியில, பழைய சாமான் ஷெட்டுல. சின்ன சிலிண்டர் வெச்சு ஓட்டறேன். அவ குளிக்கப் போனதும் ஓடுவேன்.

ஃபிட்டர்: அப்ப ஹீட்டரும் அந்த அடுப்பும் ஒரே நேரத்துல எரியும். முன்னாடியே சொல்ல வேண்டாமா? எது ரொம்ப தூரமோ அதை வெச்சுதான் சார் மொத்த பைப்புக்கும் அளவு. அந்தக் கோடி அடுப்புக்காக, ஹால்ல வர்ற பைப்பே ஒரு இஞ்ச் ஆகும்.

கணவர்: ஹால்லயா? ஏன் இவ்வளவு தடின்னு அவ கேப்பாளே.

ஃபிட்டர்: உண்மையச் சொல்லுங்க.

கணவர்: என்னன்னு? கல்யாணமான நாள்லேருந்து உன் சமையல் அமிர்தம்னு சொல்லிட்டு, உப்பு உறைப்பில்லாத அந்தக் கொடுமைய முழுங்கிட்டு, ஷெட்டுல முட்டை பொரிச்சுத் திங்கறேன்னா? அன்னியோட என் குடும்பம் முடிஞ்சுது.

ஃபிட்டர்: அப்ப சிலிண்டர்லயே ஓட்டிக்குங்களேன்.

கணவர்: அதுலதான் பயம். ரெண்டு முட்டைதான் பொரிக்கறேன், சிலிண்டர் மாயமா தீர்ந்துடுது. எங்கயோ லீக். வெடிச்சா ஊருக்கே தெரிஞ்சிடும்... உஷ், வர்றா.

மனைவி: இந்தாங்க தம்பி, டீ. என்ன ரகசியம்?

ஃபிட்டர்: ஒண்ணுமில்லக்கா. சார், இந்த டேப் முனைய வாசல்ல, மீட்டர் வர்ற இடத்துல பிடிங்க. நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க.

கணவர்: சரி, சரி... போறேன்.

மனைவி: போயிட்டாரா? தம்பி, அவர்கிட்ட மூச்சு விடாதீங்க. இன்னொரு அடுப்பு இருக்கு.

ஃபிட்டர்: ...எங்கக்கா?

மனைவி: தோட்டத்துக் கோடி ஷெட்டுல. முன்னாடி குடியிருந்தவங்க விட்டுட்டுப் போனது போல. ரொம்ப ராசியான அடுப்பு தம்பி. எவ்வளவு சமைச்சாலும் சிலிண்டர் தீர்றதே இல்ல.

ஃபிட்டர்: தீர்றதே இல்லையா.

மனைவி: ஒருநாள் அணைஞ்சா மறுநாள் தானா எரியும். என்னிக்காவது கைவிட்டுட்டா? அதான், பைப்ப அங்க வரைக்கும் இழுத்துடுங்க. அவர் குளிக்கற நேரத்துலதான் நான் அங்க போவேன்.

ஃபிட்டர்: அங்க போய் என்னக்கா சமைக்கறீங்க?

மனைவி: அதை மட்டும் கேக்காதீங்க. தெரிஞ்சா அவர் மனசு உடைஞ்சிடும்.

கணவர்: தம்பி, கை வலிக்குது. விடட்டுமா?

ஃபிட்டர்: விட்டுட்டு உள்ள வாங்க சார். ரெண்டு பேரும் என்னைக் கோவிச்சுக்கக் கூடாது. கேஸ் விஷயத்துல பொய்க்கணக்கு போட என்னால முடியாது. சார், உங்க சிலிண்டர் லீக் ஆகல. அக்கா, உங்க சிலிண்டர் தீராமயும் இல்ல.

கணவர்: அந்த வாணலிய தேய்ச்சு வெக்கறது... நீயா?

மனைவி: அந்த முட்டை ஓடு... எலின்னுல்ல நெனச்சேன்.

ஃபிட்டர்: இப்ப நான் எந்த அடுப்புக்குப் பைப்பு போடறது?

கணவர்: இருங்க தம்பி. ஏம்மா, உன் சமையல் அமிர்தம்தான், அதுல மாத்தமில்ல... நான் ஏதோ, வாய்க்கு மாறுதலா... அது போகட்டும். நீ எதுக்கு அங்க போன?

மனைவி: கல்யாணமான மறுநாள் பதட்டத்துல உப்பு, மிளகா ரெண்டையும் மறந்துட்டேன். நீங்க அமிர்தம்னீங்க. சரி, மனுஷனுக்கு இதுதான் பிடிக்குதுன்னு அன்னிலேருந்து மறக்காம மறக்கறேன். நீங்க சாப்பிட்டுடுவீங்க... எனக்குத் தொண்டையில இறங்க வேண்டாமா?