கைக்குழந்தையோடு வருகிற மொட்டை

எங்கள் லாட்ஜில் விடியற்காலையிலேயே வெந்நீர் வந்துவிடும், ஐயா. பழனிக்கு வருகிறவர்கள் ரூமைப் பார்ப்பதற்கு முன்னால் வெந்நீர் உண்டா என்றுதான் கேட்பார்கள். அதனால் வாடிக்கைக்குக் குறைவில்லை, அடிவாரத்தில் நல்ல பேரும் உண்டு. போலீசும் வியாபாரிகளும் சேர்ந்து பாதுகாப்புக் கமிட்டி அமைத்தபோது, சிவபிரகாஷ்தான் செயலாளர் என்று எல்லோரும் ஒரே குரலில் என் பேரைச் சொன்னார்கள்.

நல்ல கமிட்டி அது. கடைக்குக் கடை கேமரா வைத்தோம். செல்போன் திருட்டு குறைந்தது. கேட்பாரற்று ஒரு பை கிடந்தால்கூட உடனே தகவல் போய்விடும். திண்டுக்கல்லில் எனக்குச் சால்வை போட்டார்கள். கூட்டத்துக்குக் கூட்டம் இன்ஸ்பெக்டர் ஒன்றையே சொல்வார்: "சந்தேகம்னா எங்களுக்குச் சொல்லுங்க. நீங்களா யார் மேலயும் கை வச்சிராதீங்க." போலீசும் நாங்களும் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப். வியாபாரிகள் மட்டும் இருக்கிற குரூப் இன்னொன்று. இரண்டுக்கும் நான்தான் அட்மின்.

தைப்பூசக் கூட்டத்தில் பழனிக்குமார் என் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றான். என் தங்கை புவனேஸ்வரிக்கு நிச்சயம் செய்த மாப்பிள்ளை. முகூர்த்தக்கால் ஊன்றி, பத்திரிகையும் கொடுத்து முடித்த பிறகு வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். பெண்ணுக்கு ஏதோ கோளாறு என்று ஊரில் பேச்சையும் கிளப்பிவிட்டான். அப்புறம் ஒரு வரனும் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. புவனா இன்றைக்கும் விசேஷ வீடுகளுக்குப் போவதில்லை.

அப்போது நான் துபாயில் இருந்ததால் அவனுக்கு என்னைத் தெரியாது. எனக்கு அவன் போட்டோ மனப்பாடம்.

"ஏனுங்க, கீழ் ரூம் கிடைக்குங்களா? கைக்குழந்தை இருக்குதுங்க."

சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

குழந்தைக்கு முதல் மொட்டை. அவனுக்கும் மொட்டை போடுவதாக நேர்த்திக்கடன். மனைவி சுகன்யாவும் அவள் அண்ணன் ஈஸ்வரனும் கூட வந்திருந்தார்கள். குழந்தையை அவன்தான் தூக்கிக்கொண்டு புறப்பட்டான். கேமராவில் பார்த்தேன்.

எங்கோ குண்டு வைக்கத் திட்டம் போட்ட ஒருவன் தலைமறைவு என்று அந்த வாரம்தான் போலீஸ் எச்சரித்திருந்தது. நான் டைப் செய்தேன்: "குண்டு வைக்க வந்தவன் மொட்டை போட்டு ஆள் மாறிட்டான். கடத்துன கைக்குழந்தையோட மொட்டை போடுற இடத்துல இருந்து வாரான். விட்டுறாதீங்க."

போலீஸ் இருக்கிற குரூப்பில் போட்டிருந்தால் ஜீப் வந்திருக்கும். ஆதாரைப் பார்த்துவிட்டு, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். அதனால் வியாபாரிகள் குரூப்பில் போட்டேன்.

பஞ்சாமிர்தக் கடை, பாத்திரக் கடை, எல்லாரும் ஓடினார்கள். நல்ல மனிதர்கள்தான். குழந்தையை வாங்கிப் பத்திரமாக ஓரத்தில் உட்கார வைத்துவிட்டுத்தான் அடித்திருக்கிறார்கள். போலீஸ் வந்து சேர்வதற்குள் உயிர் போய்விட்டது.

ஆனால் போனது ஈஸ்வரனின் உயிர்.

முதல் மொட்டைக்குத் தாய்மாமன் மடியில்தான் குழந்தையை உட்கார வைப்பார்கள். மருமகனோடு அவனும் முடி இறக்கிக்கொண்டு, தானே தூக்கி வந்திருக்கிறான். சந்தனம் பூசிய மொட்டையில் யாரென்று தெரியும்? தினமும் நான் பார்க்கிற வழக்கம் இது. அன்றைக்கு மட்டும் நினைவுக்கு வரவில்லை. என் மடியில் உட்கார எனக்கொரு மருமகன் இல்லையே, ஐயா.

சுகன்யா கவுண்டருக்கு வந்து அழுதாள். "அண்ணா, நீங்கதான ரூம் குடுத்தீங்க. எங்க அண்ணன் அப்படிப்பட்ட ஆளில்லீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க." சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

செய்தி போட்டது நான். அடிப்பார்கள் என்று தெரிந்தேதான் போட்டேன். ஆள் மாறிப்போனதில் வருத்தம் உண்டா என்று கேட்கிறீர்கள். யோசித்துப் பார்த்துவிட்டேன், ஐயா. தங்கை மேல் உண்மையான பாசம் உள்ள அண்ணனாக இருந்தால், மாப்பிள்ளை எப்படிப்பட்டவன் என்று ஈஸ்வரன் முன்னமே நாலு இடத்தில் விசாரித்திருக்க வேண்டும்.