முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு

ஒரே ஆல்பத்தின் இரண்டு பதிப்புகளை ஒப்பிட வேண்டுமென்றால், முதலில் இரண்டையும் ஒரே அளவு சத்தத்துக்குக் கொண்டுவர வேண்டும். பலரும் இதைச் செய்வதில்லை. சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் அதுதான் நல்ல பதிப்பு என்று காது நம்பிவிடும். அதற்கு அவ்வளவுதான் புத்தி. நான் பாதி வாழ்க்கையை இந்த வேலையில் கழித்தவன். சத்தத்தைச் சமன் செய்யாமல் ஒரு நாளும் தீர்ப்புச் சொன்னதில்லை. இதை நீங்கள் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ள வேண்டாம், மேடம். நான் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிவதற்காகச் சொன்னேன்.

அண்ணனுக்கு ஆக்ஸிஜன் கொடுத்துக்கொண்டிருந்த மிஷின் அன்று மத்தியானம் ஏன் ஓடவில்லை என்று கேட்டீர்கள். மறைக்க ஒன்றுமில்லை, சொல்கிறேன். ஆனால் பாட்டிலிருந்து ஆரம்பித்தால்தான் மிஷின் விஷயம் விளங்கும்.

என் அண்ணன் ராக் குழு ஒன்றில் டிரம்ஸ் வாசித்தவன். ஒரே ஒரு ஆல்பம் போட்டார்கள், குழு கலைந்துபோனது. வந்த புதிதில் அதை யாரும் சீந்தவில்லை. பல வருஷம் கழித்து எங்கிருந்தோ ஆட்கள் முளைத்து, அந்த இசைத்தட்டு கிடைக்குமா என்று அலைய ஆரம்பித்தார்கள். ஆல்பத்தின் உறையில் எல்லோர் பெயரும் இருக்கிறது, டீ வாங்கிக் கொடுத்தவர் பெயர்கூட. என் பெயர் கிடையாது. இருக்க நியாயமும் இல்லை, நான் அதில் எதுவும் வாசிக்கவில்லை. கேட்டேன், அவ்வளவுதான். ஆனால் அந்த ஆல்பத்தை என் அளவுக்குக் கேட்டவர் யாரும் இல்லை, வாசித்தவர்கள் உட்பட.

வாசித்துப் பதிவு செய்த டேப் ஒன்றுதான். அதை இசைத்தட்டாகவோ சிடியாகவோ வெளியிடும் முன் ஒருவர் உட்கார்ந்து, அடித்தொனியை எவ்வளவு விடுவது, கூர்மையை எங்கே மழுக்குவது, மொத்தச் சத்தம் எவ்வளவு என்று கடைசியாக ஒரு கை பார்ப்பார். அதற்குப் பெயர் மாஸ்டரிங். சமையல் ஒன்றுதான், பரிமாறுகிற கை வேறு. இந்த ஆல்பத்துக்கு மூன்று மாஸ்டரிங் உண்டு. முதலில் வந்த இசைத்தட்டு. அதற்குப் பிறகு வந்த சிடி, அது தகர டப்பாவைக் குலுக்கின மாதிரி இருக்கும், அதை விட்டுவிடலாம். கடைசியாகப் போன வருஷம் வந்த புதுப் பதிப்பு.

புதுப் பதிப்பைச் செய்தது குழுவின் பழைய ஒலிப்பதிவுக்காரர். ஒட்டடைக் குச்சி மாதிரி ஒல்லியாக நெட்டையாக இருப்பதால் ஒட்டடை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள், அவரும் திரும்பிப் பார்ப்பார். மூல டேப் அவரிடம்தான் இருக்கிறது. அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே செய்தார். அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். எனக்கு அது பொறுக்கவில்லை. இசைத்தட்டில் முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு மெதுவாகப் போகும் பாட்டு. முடிவில் டிரம்ஸ் மட்டும் தனியாக நிற்கும். சிம்பல் தட்டின் ஒலி அடங்கிய பிறகு, அண்ணன் குச்சியைக் கீழே வைக்கிற சத்தமும் அவன் ஸ்டூல் கிறீச்சிடுவதும் முதல் பதிப்பில் இருக்கிறது. புதுப் பதிப்பில் இரைச்சலைத் துடைக்கிறேன் என்று அதையும் துடைத்துவிட்டார்கள். நான் இதை ஊரறியச் சொல்லிவந்தேன். பதிப்பு எது வாங்கலாம் என்று கேட்கிறவர்கள் எல்லோரும் என்னைத்தான் கேட்பார்கள், மேடம். என் பேச்சுக்கு ஒரு மரியாதை இருந்தது.

அந்தச் சமயத்தில் அண்ணனும் அண்ணியும் என் வீட்டில்தான் இருந்தார்கள். நுரையீரல் கெட்டுப்போய் அவனால் வேலைக்குப் போக முடியாமலானதும், நான்தான் போய் அழைத்துவந்தேன். பக்கத்து அறையை ஒழித்துக் கொடுத்தேன். அண்ணி வேலைக்குப் போகும் பகலெல்லாம் அவனைப் பார்த்துக்கொண்டது நான். முகம் மழித்துவிட்டேன், முதுகு துடைத்துவிட்டேன். அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றுதான் சொல்வார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய குழு ஆட்களும், ஆல்பம் சேகரிக்கிற சிலரும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பேச்சு வாக்கில் ஒட்டடை ஒரு பரீட்சை வைத்தார். மூன்று பதிப்பையும் எது எதென்று சொல்லாமல், ஒரு பாட்டின் நடுவிலிருந்து கொஞ்சம் போடுவார், நான் கண்டுபிடிக்க வேண்டும். மீட்டர் வைத்துச் சத்தத்தை நானே சமன் செய்து கொடுத்தேன். இரண்டாவதாகப் போட்டதைக் கேட்டதும் எனக்குச் சந்தேகமே இல்லை. "இதுதான் முதல் பதிப்பு. டிரம்ஸ் எவ்வளவு உயிரோட இருக்கு பாருங்க" என்றேன்.

அது புதுப் பதிப்பு.

இன்னொரு தரம் போடச் சொன்னேன். இன்னொரு தரமும் அதையேதான் சொன்னேன். முதலில் யாரும் சிரிக்கவில்லை, பிறகு எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள், அண்ணியும்கூட. அண்ணன் மூக்கில் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தவன், மூச்சுக்கு நடுவே நிறுத்தி நிறுத்திச் சொன்னான்:

"விடுடா... காதுக்கும் வயசாகும்ல. இனிமேலாவது... பாட்டைப் பாட்டா கேளு."

அன்பாகத்தான் சொன்னான். அன்பில்லாமல் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். அதன் பிறகு எந்தப் பதிப்பு வாங்கலாம் என்று கேட்க ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை. ஒட்டடையைக் கூப்பிட்டார்கள். மூக்குடைபட்டவன் தூங்காமல் யோசிப்பான். நானும் யோசித்தேன். யோசிக்க யோசிக்கத் தெளிந்தது: பரீட்சை நடந்தபோது ஹாலில் அந்த மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு முனகல், நடுவில் சில நொடிக்கு ஒரு முறை புஸ்ஸென்று பெருமூச்சு. அந்த முனகல், அண்ணனின் பெரிய டிரம்ஸ் ஒலிக்கிற அதே அடித்தொனியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. என் காதில் குறையில்லை. அந்த அறையில் குறை.

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் நியாயமான காரியங்கள். வரிசையாகச் சொன்னால் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

முதலில் மிஷினுக்கு அடியில் தடித்த விரிப்புப் போட்டேன். போதவில்லை. அண்ணன் அறைக்கும் என் அறைக்கும் நடுவில் உள்ள சுவரில் என் பக்கம் முழுக்க நுரைப் பலகை ஒட்டினேன். முனகல் குறைந்தது, நிற்கவில்லை. ஒரு நாள் அவனிடமே நேராகக் கேட்டேன், ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் நிறுத்திக்கொள்ளட்டுமா என்று.

"ஒரு பாட்டுதானே... தாங்குவேன். எந்தப் பாட்டு?"

சொன்னேன்.

"அது பெரிய பாட்டாச்சேடா" என்று சிரித்தான்.

பாட்டு முடிந்து நான் வந்து மிஷினைப் போட்டபோது அவன் உதடு நீலம் பாய்ந்திருந்தது. கட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தான். பேச்சு வந்ததும், "இனிமே வேணாம்டா" என்றான். சரி என்றேன். அன்றைக்கு எனக்கு ஒன்று தெரிந்தது: மிஷின் இல்லாவிட்டால் அவனுக்குக் கத்த மூச்சு இருக்காது. இதை நான் மறைக்கவில்லை, கவனியுங்கள்.

மிஷினுக்குப் போகிற கரண்ட் நின்றால் அதில் ஒரு அலாரம் அடிக்கும். சின்னப் பேட்டரியில் ஓடுவது. கூவல் காதைக் குத்தும், எந்தச் சுவரும் அதைத் தடுக்காது. பேட்டரியைக் கழற்றினேன். அண்ணி பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அதை எதுக்குக் கழட்டுறீங்க?"

"தீரப்போகுது அண்ணி. புதுசு வாங்கிப் போடணும்."

"மறந்துடாதீங்க. கரண்ட் போனா அது ஒண்ணுதான் சத்தம் போடும்."

"நான் வீட்லதானே இருக்கேன்" என்றேன். அவர் நம்பினார். நம்பாமலிருக்க என்ன இருக்கிறது, அதுவரை நான் எதையும் மறந்தவனில்லை.

அவன் கட்டிலோரம் ஒரு பொத்தான் உண்டு, அமுக்கினால் என் அறையில் மணி அடிக்கும். அந்த மணியின் வயர் என் ஸ்பீக்கர் வயரோடு ஒட்டிப் போனதால் லேசாக ஒரு பொரிச்சல் கேட்டது. மணியையும் பிடுங்கினேன். கரண்ட் இல்லாத நேரத்துக்கென்று சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்று கட்டிலருகே நின்றது. அதை நகர்த்தியதற்கு வேறு காரணம். பாட்டில் அடித்தொனி வரும்போது அதன் மூடி கிணுகிணுவென்று அதிரும். அதை மாடிப்படிக்குக் கீழே கொண்டுபோய் வைத்தேன். ஒவ்வொன்றும் ஒலிக்காகத்தான். வேறு எண்ணம் இருந்திருந்தால் இவ்வளவு பாடு எதற்கு?

அன்று அண்ணி மத்தியானம் வேலைக்குக் கிளம்பினார். நான் அண்ணனுக்குச் சாப்பாடு கொடுத்து வாய் துடைத்துவிட்டு என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினேன். அவன் அறையின் மின்சாரம் என் அறைச் சுவிட்சுப் பலகை வழியாகத்தான் போகிறது. வீடு கட்டியவர் செய்த குளறுபடி. இசைத்தட்டு சுழலும் டர்ன்டேபிளுக்குப் பக்கத்திலேயே அந்தச் சுவிட்சு. அணைத்தேன்.

மேடம், அந்த அமைதியை நான் உங்களுக்கு எப்படிச் சொல்வது. வீடே மூச்சை அடக்கிக்கொண்டதுபோல இருந்தது. முதலில் புதுப் பதிப்பைப் போட்டேன், முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு. முழுசாகக் கேட்டேன். சுத்தமாக இருந்தது, உயிரில்லாத சுத்தம். பிறகு சத்தத்தைச் சமன் செய்துகொண்டு முதல் பதிப்பைப் போட்டேன். அவசரப்படவில்லை. ஊசியைத் துடைத்த பிறகுதான் வைத்தேன்.

பாட்டின் நடுவில் ஒரு தட்டல் கேட்டது. மெல்லிய தட்டல், மரத்தில் விரல் முட்டி படுகிற மாதிரி. ஒவ்வொரு தாளத்திலும் பிசகாமல் விழுந்தது. இத்தனை வருஷம் கேட்டும் நான் கேட்டறியாத ஒன்று. புதுப் பதிப்பில் இல்லாத ஒன்று. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் சொன்னது சரிதான் என்று அந்தத் தட்டல் சொல்லிக்கொண்டே இருந்தது.

ஆல்பத்தின் மறுபக்கமும் கேட்டு முடித்த பிறகு சுவிட்சைப் போட்டேன். மிஷின் முனக ஆரம்பித்தது. அவன் அறைக்குப் போனேன். கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தான். நேராகப் படுக்கவைத்துக் கையை எடுத்து மார்பின் மேல் வைத்தேன். மணியையும் பேட்டரியையும் சிலிண்டரையும் அதனதன் இடத்தில் வைத்த பிறகு அண்ணிக்குப் போன் செய்தேன். அவனுக்கு இருந்த நோய்க்கு யாரும் கேள்வி கேட்கவில்லை. டாக்டர் என் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

எல்லாம் முடிந்து வீடு அடங்கிய பிறகு ஒட்டடையைக் கூப்பிட்டேன். அதைத்தான் நீங்கள் முட்டாள்தனம் என்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவருக்கு உண்மை தெரிய வேண்டாமா?

"முதல் பதிப்புல ஒரு தட்டல் இருக்கு. கடைசிப் பாட்டுல, பாதிக்கு மேல. நீங்க அதைத் துடைச்சுட்டீங்க" என்றேன்.

"தட்டலா? டேப்ல அப்படி ஒண்ணும் இல்லையே."

"காது இருந்தா கேக்கும்."

அவர் கோபப்படவில்லை. மூல டேப்பை எடுத்து ஒவ்வொரு கருவியாகப் பிரித்துக் கேட்டிருக்கிறார். என்னிடமிருந்த இசைத்தட்டையும் கேட்டு வாங்கிப் போனார், நானும் சந்தோஷமாகக் கொடுத்தேன். இரண்டிலும் தட்டல் இல்லை. எந்தக் கிழமை கேட்டேன் என்று போனில் சாதாரணமாக விசாரித்தார், நானும் சொன்னேன். பிறகு அண்ணியிடம் போய், என் அறைக்கு அடுத்து எந்த அறை, கட்டில் எந்தச் சுவரோரம் கிடந்தது என்று கேட்டிருக்கிறார். நல்ல காதுதான் அவருக்கு. அதை நான் எப்போதும் மறுத்ததில்லை.

தட்டியது அண்ணன்தான் என்று எப்போது தெரிந்தது என்று கேட்கிறீர்கள். நேற்று ஒட்டடை இங்கே ஸ்டேஷனில் டேப்பைப் போட்டுக் காட்டியபோதுதான் என்று எழுதிக் கொடுத்தேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

பாட்டுக்குள் கேட்டது பாட்டில் இருப்பதுதான் என்று இப்போதும் எனக்குத் தோன்றுகிறது. அவ்வளவு கச்சிதமாகத் தாளத்தில் விழுந்தது. ஆனால் பாட்டு முடிந்தது. சிம்பல் அடங்கியது, குச்சியைக் கீழே வைக்கிற சத்தம் வந்தது, ஸ்டூல் கிறீச்சிட்டது. நான் சொன்ன மாதிரியே எல்லாம் இருந்தன. ஊசி பாட்டில்லாத வெறும் பள்ளத்தில் ஓட ஆரம்பித்தது. அதற்குப் பிறகும் தட்டல் வந்துகொண்டிருந்தது, சுவரிலிருந்து. தாளம் தளர்ந்துபோயிருந்தது. தட்டலுக்கும் தட்டலுக்கும் இடைவெளி நீண்டுகொண்டே போனது.

எழுந்தேன். சுவிட்சு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஊசியைத் தூக்கினேன், தட்டைத் திருப்பிப் போட்டேன், சத்தத்தை மட்டும் ஒரு முறை சரிபார்த்துக்கொண்டேன்.

இரண்டாம் பக்கத்தில் தட்டல் எதுவும் இல்லை. அவ்வளவு சுத்தமாக அந்தப் பக்கத்தை நான் கேட்டதே இல்லை.